இடம் இல்லையா, கட்டவில்லையா?

சிங்கப்பூரில் வீட்டு விலையைப் பற்றிப் பேச்செடுத்தால், காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முதல் சொத்து முகவர் வரை எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "சின்னத் தீவு, ஆள் அதிகம், விலை ஏறாம என்ன செய்யும்?" இதில் பொய் இல்லை. 735 சதுர கிலோமீட்டர் நிலம், 60 லட்சம் மனிதர்கள். சதுர கிலோமீட்டருக்கு எட்டாயிரம் பேருக்கு மேல். சென்னையில் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று தள்ளித் தள்ளிப் போய் மனை பார்க்கலாம். இங்கே தெற்கே போனால் கடல், வடக்கே போனால் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி.

ஆனால் 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோவிட் காலம். வேலை போய் ஊர் திரும்பியவர்கள் பலர். அந்த ஓராண்டில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 4.1 விழுக்காடு குறைந்தது. ஆள் குறைந்தால் விலையும் இறங்க வேண்டும் அல்லவா? அதே ஆண்டில் வீவக மறுவிற்பனை வீடுகளின் விலை 12.7 விழுக்காடு ஏறியது. அடுத்த ஆண்டு இன்னொரு 10.4 விழுக்காடு. (வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். சிங்கப்பூர்வாசிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பேர் அது கட்டிய அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறோம்.) தீவு சுருங்கவில்லை, கூட்டமும் கூடவில்லை, விலை மட்டும் ஏறியது. அதனால் "சின்னத் தீவு, ஆள் அதிகம்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.

என் தங்கை மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவனும் அந்தப் பெண்ணும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்து, குலுக்கலில் நல்ல எண் விழாமல், மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். பிடிஓ என்பது வீவக முதலில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு, போதிய ஆள் சேர்ந்த பிறகு கட்டித் தரும் புது வீடு. எண் கிடைத்தாலும் சாவி கைக்கு வர மூன்று நான்கு ஆண்டு ஆகும். மறுவிற்பனையில் வாங்கினால் உடனே குடிபோகலாம், ஆனால் விலை எட்டாது. அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டான்: "மாமா, தாத்தா ஒருத்தர் சம்பளத்துல மூணு ரூம் வீடு வாங்கினாராம், அம்மா சொன்னாங்க. நாங்க ரெண்டு பேரு சம்பாதிக்கிறோம். அப்ப தீவு இன்னும் சின்னதாத்தானே இருந்துச்சு?"

அவன் சொன்னது சரி. நாடு சுதந்திரம் அடைந்த 1965-ல் தீவின் பரப்பு 580 சதுர கிலோமீட்டர் அளவுதான். கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று கால் பங்கு பெருத்திருக்கிறது. அன்றைக்கு ஆட்களும் குறைவு, 19 லட்சம் பேர். ஆனால் அவர்கள் வாழ்ந்த விதத்தை என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கம்பத்தில், அதாவது கிராமக் குடியிருப்பில், அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு, ஒரே கூரையின் கீழ் பல குடும்பம், பொதுக் குழாய், இரவில் எங்காவது புகை வாடை வந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். தீயின் பயம் அப்படி. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீயில் பிடித்த தீயில் ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள்.

வீவக அதற்கு முந்திய ஆண்டுதான், 1960-ல், தொடங்கப்பட்டிருந்தது. அதற்கு முன் பிரிட்டிஷ்காரர்கள் நடத்திய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 32 ஆண்டுகளில் கட்டிய வீடுகள் சுமார் 23,000. வீவக முதல் ஐந்தாண்டிலேயே 54,000 வீடுகளைக் கட்டியது. தீவு அதே தீவு, நிலம் அதே நிலம். முதலில் மாறியது கட்டுகிறவர் யார் என்பது; அடுத்து மாறியது நிலம் யார் கையில் இருந்தது என்பது. 1966-ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. பொதுக் காரியத்துக்கு என்று அரசு அறிவித்தால் நிலத்தைக் கொடுத்தாக வேண்டும். 1973-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 1973 நவம்பர் 30 அன்று இருந்த மதிப்புக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை என்று ஆக்கினார்கள். அந்தத் தேதியைப் பிறகு சில முறை தள்ளி வைத்தாலும், சந்தை விலைப்படியே இழப்பீடு என்ற நிலை 2007-ல்தான் வந்தது. 1960-ல் அரசிடம் இருந்தது 44 விழுக்காடு நிலம். 1985-ல் 76 விழுக்காடு. இன்று ஏறக்குறைய 90.

எங்கள் அப்பா ஒருவர் சம்பளத்தில் வீடு வாங்க முடிந்ததற்கு இதுதான் அடிப்படை. 1968 முதல் மத்திய சேம நிதிப் பணத்தை (சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேமிப்பது) வீட்டுக்குக் கட்டலாம் என்றும் ஆனது, கைக்கு வரும் சம்பளத்தில் பெரிதாக எதுவும் குறையாமலே கடன் அடைந்தது. அந்த மலிவு விலைக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மலாய்க் கம்பங்கள் போயின, சீனர்களின் ரப்பர்த் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் போயின, கோயில் நிலமும் இடுகாடும் போயின. அவர்களுக்குக் கிடைத்த தொகை நிலத்தின் உண்மையான மதிப்புக்கு எந்த விதத்திலும் ஈடில்லை. அவர்கள் இழந்ததில்தான் என் தலைமுறை வளர்ந்தது.

இதே நெருக்கடி இருந்த இன்னொரு ஊரில் என்ன நடந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஹாங்காங். அங்கேயும் ஒரு தீதான் தொடக்கம். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதியில் தீப்பிடித்து 53,000 பேர் வீடிழந்தார்கள். அங்கேயும் அரசு பொது வீடு கட்ட இறங்கியது. அங்கே நிலமெல்லாம் அரசுடையதே, தனியாருக்குக் குத்தகைக்குத்தான் விடுவார்கள். பரப்பும் நம்மைவிட அதிகம், 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள் 75 லட்சம். அதாவது நெரிசலில் சிங்கப்பூரைவிடக் கொஞ்சம் இளக்கம். ஆனால் உலகத்திலேயே சம்பளத்தோடு ஒப்பிட்டால் வீடு எட்டாத ஊர் என்று ஆண்டுதோறும் பட்டியலின் முதலிடத்தில் நின்றது ஹாங்காங். ஒரே வீட்டைப் பலகை வைத்துத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விடும் அறைகளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அடுப்பும் கழிவறையும் ஒரே மூலையில்.

இடம் இல்லாமலா? ஹாங்காங்கின் நிலத்தில் நான்கில் ஒரு பங்குதான் கட்டடம் எழும்பிய பகுதி. சுமார் 40 விழுக்காடு காடும் மலையுமாகப் பாதுகாக்கப்பட்ட பூங்காக்கள். மலைச் சரிவில் கட்டுவது கடினம் என்பது உண்மை, காட்டை விட்டுவைத்ததிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் அரசின் வருமானமே நில ஏலத்தை நம்பி இருந்தது. 2017-18 நிதியாண்டில் மொத்த அரசு வருமானத்தில் கால் பங்குக்கும் மேல் நிலத்தொகையாக வந்தது. நிலத்தைச் சிறுகச் சிறுக விட்டால் விலை ஏறும், விலை ஏறினால் கருவூலம் நிரம்பும், வரி குறைவாக இருக்கும், வியாபாரிகள் மகிழ்வார்கள். வாடகைக்கு இருப்பவன் மட்டும் தடுப்பறையில் படுத்திருப்பான். நிலம் முழுவதும் அரசிடம் இருந்தால் மட்டும் வீடு மலியாது, அந்த நிலத்தை அரசு எதற்காக வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே மலியும்.

சரி, நாம் ஒழுங்காகச் செய்தோமா? முதல் நாற்பதாண்டு செய்தோம். 1997-ல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. வாங்க ஆளில்லாமல் 31,000 வீவக வீடுகள் தேங்கின. அவை விற்றுத் தீர ஐந்தாண்டுக்கு மேல் ஆனது. சூடு கண்ட வீவக, ஆள் சேர்ந்த பிறகே கட்டுவது என்ற பிடிஓ முறைக்கு 2001 முதல் மாறியது. காலி வீடு நிற்காது, பொதுப்பணம் முடங்காது என்பது அதன் நியாயம். ஆனால் அந்தப் பத்தாண்டின் நடுவில் கட்டி முடித்த வீடுகள் ஆண்டுக்குச் சில ஆயிரம் என்ற அளவுக்கு இறங்கிவிட்டன. அதே நேரத்தில் பொருளாதாரம் மீண்டது, வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் கதவு அகலத் திறந்தது. 2004-ல் 41.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010-ல் 50.8 லட்சம். ஆறே ஆண்டில் ஒன்பது லட்சம் பேர் கூடினார்கள்.

வந்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து இங்கே நிரந்தரவாசி ஆனவர்கள் என் நண்பர்களாகவும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் பழி போடும் பேச்சை நான் ஏற்க மாட்டேன். அழைத்தது யார்? வேலை அனுமதி கொடுத்தது யார்? ஆட்களை வரவழைக்கும் துறையும் வீடு கட்டும் துறையும் ஒரே அரசாங்கத்தில்தான் இருந்தன. ஒன்று முடுக்கியபோது மற்றொன்று நிறுத்தி வைத்திருந்தது. ஓர் அடுக்குமாடி எழும்ப மூன்று நான்கு ஆண்டு ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. 2011 பொதுத் தேர்தலில் வீட்டு விலை பெரிய பிரச்சினையாகி, ஆளுங்கட்சியின் வாக்கு 60.1 விழுக்காட்டுக்கு இறங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அதுவரை அதுதான் ஆகக் குறைவு. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 25,000 வீடுகளுக்கும் மேல் விற்பனைக்கு விட்டார்கள், 2013-க்குப் பிறகு மறுவிற்பனை விலை பல ஆண்டு அடங்கிக் கிடந்தது. நிலம் எங்கிருந்து வந்தது? பொங்கோலிலும் செங்காங்கிலும் ஏற்கெனவே இருந்த நிலம்தான்.

கோவிடுக்கு வருவோம். 2020 ஏப்ரலில் ஊரடங்கு. அந்த ஆண்டு பதிவான தொற்றில் பெரும்பகுதி ஊழியர் தங்கும் விடுதிகளில். கட்டுமானம் நின்றது. பிடிஓ வீட்டுக்குக் காத்திருந்தவர்களுக்குச் சாவி தள்ளிப்போனது, அவசரப்பட்டவர்கள் மறுவிற்பனைக்கு ஓடினார்கள், வீட்டிலிருந்தே வேலை என்றதும் பெற்றோருடன் இருந்தவர்கள் தனி அறை தேடினார்கள், வட்டியும் குறைவு. ஆள் குறைந்த ஆண்டில் விலை ஏறிய கதை இதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சிங்கப்பூரின் வீடுகளைக் கட்டுகிறவர்கள் யார்? தமிழ்நாட்டுப் பிள்ளைகள், பங்ளாதேஷ் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நின்று கேளுங்கள், பாதிப் பேர் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, சிவகங்கை என்பார்கள். நாம் குலுக்கலில் எண் எடுத்துக் காத்திருக்கும் வீட்டுக்குக் கம்பி கட்டுகிறவர் ஓர் அறையில் பன்னிரண்டு பேரில் ஒருவராகப் படுக்கிறார். அதுவும் கோவிடுக்குப் பிறகு புதிய விடுதிகளுக்கு விதித்த உச்ச வரம்பு. அதற்கு முன் இன்னும் அதிகம். ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் என்பது புதிய விதி. ஒரு மெத்தையும் ஒரு பெட்டியும் வைத்தால் தீர்ந்தது. நிலப்பற்றாக்குறையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த 4.2 சதுர மீட்டரை விட்டுவிட்டுப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன். அந்த விடுதிகளில் 2020-ல் நோய் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கும், நம் வீட்டுச் சாவி தாமதமானதற்கும், விலை ஏறியதற்கும் ஒரே வேர் இருக்கிறது. அவர்களை நெருக்கி வைத்து மிச்சம் பிடித்த செலவு கடைசியில் எல்லார் தலையிலும் வந்து விழுந்தது.

வாடகைக்கு இருப்பவர்கள் பாடு தனி. 2022-ல் தனியார் வீட்டு வாடகை 29.7 விழுக்காடு ஏறியது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் சொன்னதுதான் தொகை. தட்டுப்பாடு விலையை ஏற்றுவதோடு நிற்பதில்லை, ஆளைப் பார்த்துக் கொடுக்கும் அதிகாரத்தையும் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுகிறது. "இந்தியர் வேண்டாம்", "கனமான சமையல் கூடாது" என்று விளம்பரத்திலேயே போட்ட காலம் உண்டு. இப்போது எழுதுவது குறைந்திருக்கிறது, தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சு" என்று சொல்வது குறையவில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த நண்பர் ஒருவருக்கு வீடு தேடி அலைந்தபோது இதை நேரில் பார்த்தேன். காலி வீடுகள் தாராளமாக இருந்த ஆண்டுகளில் இதே வீட்டுக்காரர்கள் இதே இந்தியர்களுக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள்.

சொந்த வீட்டிலும் நமக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. 1989-ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், எந்த இனம் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு. இந்தியருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து புளோக்குக்கு 13 விழுக்காடு. 2010-ல் 15 ஆக்கினார்கள். இனவாரியாகக் குடியிருப்புகள் பிரிந்துபோகாமல் காத்தது அந்தக் கொள்கை, அது நல்லதற்கே என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதன் சுமை எல்லார் மேலும் ஒரே அளவில் விழவில்லை. புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே இருக்கும் இந்தியக் குடும்பம் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அவர்களை விட்டால் மீதி எத்தனை பேர்? மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் விலையைக் குறைத்து விற்றவர்களை எனக்குத் தெரியும். 2022-ல், உண்மையிலேயே விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழி செய்தார்கள். அது விதிவிலக்கான சிலருக்கு மட்டும். வரம்பினால் விழும் விலை வித்தியாசத்தை அரசு ஈடுகட்டுவதே முறை. எல்லாருக்கும் பயன் தரும் கொள்கைக்குச் சிறுபான்மைக் குடும்பம் மட்டும் கைக்காசு போடக் கூடாது.

இப்போது நிலம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. 2013-ல் அரசு வெளியிட்ட நிலத் திட்டத்தின்படி, 2010-ல் வீடுகளுக்குப் போன நிலம் 14 விழுக்காடு. ராணுவத்துக்கு 19. தற்காப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு இடம் எதற்கு என்பது முடிவெடுக்கும் விஷயம் என்பது இதிலேயே தெரிகிறது. பிடாடாரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. சுவா சூ காங் இடுகாட்டில் புதைத்தால் 15 ஆண்டுதான், பிறகு எடுத்துவிடுவார்கள். கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபரோடு பந்தயம் நின்றது. பாய லேபார் விமானத் தளத்தை 2030-களில் இடம் மாற்றினால் அங்கும் சுற்றிலும் ஒன்றரை லட்சம் வீடுகள் வரை கட்டலாம் என்கிறார்கள். விமானத் தளம் இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் உயரமாகக் கட்ட முடியாமல் இருக்கிறது. அந்தத் தடையும் விலகும். இறந்தவர்களிடமிருந்து இடம் கேட்க முடிந்த ஊரில், உயிரோடு இருப்பவர்களுக்கு நேரத்தில் கட்டித் தர முடியாது என்பதை நான் நம்பத் தயாரில்லை.

புது வீட்டின் விலை எப்படி நிர்ணயமாகிறது என்பதும் விவாதிக்க வேண்டியது. வீவக நிலத்தை அரசிடமிருந்து சந்தை மதிப்புக்கு வாங்குகிறது, பிறகு மானியம் கழித்து விற்கிறது. 2022 நிதியாண்டில் வீவகவின் பற்றாக்குறை 5 பில்லியன் வெள்ளிக்கும் மேல். நிலத்தின் விலையைச் சேர்க்காமல் விற்றால் என்ன என்று எதிர்க்கட்சியினர் கேட்டு, 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் காரசாரமான விவாதம் நடந்தது. நிலம் நாட்டின் இருப்பு நிதியில் சேர்ந்தது, வருங்காலத் தலைமுறைக்கும் அதில் பங்குண்டு, மதிப்பைக் குறைத்துக் கொடுக்க முடியாது என்பது அரசின் வாதம். வாதம் கனமானதுதான். இருந்தாலும், சந்தை விலையைத் தொடக்கப் புள்ளியாக வைத்தால், மறுவிற்பனையில் ஏறும் ஒவ்வொரு வெள்ளியும் புது வீட்டின் விலையை மேலே இழுக்கும். முதல் வீடு வாங்கும் இளம் குடும்பத்துக்கு விலையை அவர்கள் வருமானத்தோடுதான் கட்ட வேண்டும்.

தங்கை மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் மெல்லக் கேட்டான்: "அப்ப விலை இறங்கட்டும்னு சொல்றீங்களா மாமா? உங்க வீட்டு விலையும் சேர்ந்து இறங்குமே?" ஆமாம், இறங்கட்டும். வீடு வைத்திருக்கும் குடும்பங்கள் பத்தில் ஒன்பது என்பதால், விலை இறங்க வேண்டும் என்று இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வயதானபின் வீட்டை விற்றுச் சாப்பிடலாம் என்று ஒரு தலைமுறையே நம்பியிருக்கிறது. 2024-ல் மட்டும் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் கைமாறிய வீவக வீடுகள் ஆயிரத்தைத் தாண்டின. ஆனால் இவையெல்லாம் 99 ஆண்டுக் குத்தகை வீடுகள். கேலாங் லோரோங் 3-ல் 191 தனியார் வரிசை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, இழப்பீடு கிடையாது. அறுபதுகளில் கட்டிய வீவக வீடுகளுக்கும் ஒருநாள் அந்தத் தேதி வரும். எந்த விலை ஏற்றமும் அதைத் தள்ளிப்போடாது.

அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். எத்தனை பேரை நாட்டுக்குள் அழைக்கப் போகிறீர்கள் என்று கணக்குப் போடும் அதே மேசையில், அவர்களுக்கும் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் எத்தனை வீடு என்ற கணக்கையும் போடுங்கள். கொஞ்சம் வீடு காலியாக நின்றாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே கட்டுங்கள். 31,000 வீடுகள் தேங்கியது நட்டம்தான். அதற்குப் பயந்து கட்டாமல் விட்டதால் வந்த நட்டத்தை இன்னும் இளையர்கள் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுவிற்பனை வீடு பார்க்கப் போகும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு பக்கம், எந்த மாடி, சமையலறை எப்படி என்று பார்ப்பதற்கு முன் குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று கேளுங்கள். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை வராவிட்டால், மத்திய சேம நிதிப் பணத்தை முழுமையாகப் பயன்படுத்த முடியாது. 2019 மே முதல் விதி இதுதான்.